கணினி மாறினாலும் கணக்கு மாறுமா? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் நீலகிரி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுள் கணிசமானவை கணினி அறிவியலின் பழைய பாடநூல்களைப் பற்றியே கேட்கின்றன. கல்லூரிகளில் புதிய ஆண்டு தொடங்கியிருப்பது காரணமாக இருக்கலாம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். 1970களிலும் 80களிலும் எழுதப்பட்ட நூல்களைப் படிக்குமாறு எங்கள் பேராசிரியர் சொல்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அத்தை மகனோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் துறைக்கு நாற்பது வருடப் பழைய புத்தகம் எதற்கு என்று சிரிக்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
– கல்லூரி மாணவி, கோத்தகிரி

பதில்: இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதால் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கக்கூடும். உங்கள் அத்தை மகன் அன்றாடம் கையாளும் கருவிகள் மாறிக்கொண்டே இருப்பது உண்மை. அவற்றைப் பற்றிய புத்தகம் அச்சகத்தை விட்டு வெளிவருமுன்பே பழசாகிவிடும். பேராசிரியர் சொல்லும் நூல்கள் கருவிகளைப் பற்றியவை அல்ல. ஒரு வழிமுறை ஏன் சரியான விடையைத் தருகிறது, எவ்வளவு நேரத்தில் தருகிறது, எந்த இடத்தில் தவறும் என்று காரணத்தோடு சொல்பவை. காரணத்துக்கு ஆறு மாதக் கெடு கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு பெயரைத் தேடும் இருமத் தேடலை நீங்கள் முதலாமாண்டிலேயே படித்திருப்பீர்கள். நடுவில் உள்ளதைப் பார்க்க வேண்டும். தேடுவது அதற்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று முடிவுசெய்து, பாதியைத் தள்ளிவிட வேண்டும். 1,000 பெயர்களுக்கு அதிகம் போனால் 10 ஒப்பீடுகள். 10 லட்சத்துக்கு 20. கேட்பதற்கு இவ்வளவு எளியதாக இருக்கும் இந்த முறை 1946-இலேயே பேசப்பட்டுவிட்டது. ஆனால் பட்டியல் எந்த அளவில் இருந்தாலும் பிழையின்றி இயங்கும் வடிவம் அச்சில் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று என்று கணினி அறிவியலாளர் டொனால்டு நூத் எழுதுகிறார். ஜான் பென்ட்லி 1986-இல் வெளியிட்ட ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ நூலில், இந்தச் சிறு நிரலை ஒவ்வொரு வரியாக எடுத்து, ‘இந்த இடத்தில் எது உண்மையாக இருக்க வேண்டும்’ என்று எழுதிப் பார்த்து, அது சரி என நிறுவிக் காட்டினார்.

கதை அங்கே முடியவில்லை. 2006-இல் ஜோஷுவா பிளாக் என்பவர், தாம் ஜாவா நிரல்மொழியோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்புக்காக எழுதிய இருமத் தேடலில் ஒரு பிழை ஒன்பது ஆண்டுகளாக ஒளிந்திருந்ததை வெளிப்படுத்தினார். பென்ட்லியின் நூலில் இருந்ததும் அதே பிழைதான். நடு இடத்தைக் காண, கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா? கணினி 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில் வைத்துக்கொள்ளும் முழு எண் தாங்கக்கூடிய உச்சம் 2,147,483,647, அதாவது ஏறத்தாழ 214 கோடியே 75 லட்சம். கீழ் எல்லை 150 கோடி, மேல் எல்லை 200 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 350 கோடி. அது உச்சத்தைத் தாண்டிவிடுவதால் எதிர்ம எண்ணாகப் புரண்டுவிடும். அதைப் பாதியாக்கிப் பெறும் ‘நடு இடம்’ பட்டியலுக்கு வெளியே எங்கோ கிடக்கும். மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, அதைப் பாதியாக்கி, கீழ் எல்லையோடு கூட்டினால் 175 கோடி என்ற சரியான விடை வந்துவிடும். எந்தக் கட்டத்திலும் உச்சத்தைத் தாண்ட வேண்டியதில்லை. 1986-இல் 100 கோடி உறுப்புகள் கொண்ட பட்டியலை நினைவகத்தில் வைத்திருக்கும் கணினி யாரிடமும் இல்லாததால், பிழை தலைகாட்டவே வாய்ப்பில்லாமல் இருந்தது.

பழைய நூலில் பிழை இருந்ததே என்று உங்கள் அத்தை மகன் இதைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்துக்கொள்ளட்டும். அந்த நூல் தந்த நிறுவலில் ஓட்டை எங்கே என்று கேட்டுப் பாருங்கள்: முழு எண்களுக்கு எல்லை இல்லை என்ற எடுகோளில். அதைச் சுட்டிக் காட்ட முடிவதே, நிறுவல் வரிவரியாக எழுதப்பட்டிருப்பதால்தான். காரணம் சொல்லாமல் ‘இப்படி எழுதினால் ஓடும்’ என்று மட்டும் சொல்லும் புத்தகத்தில் ஓட்டையைத் தேடவும் இடமிருக்காது.

முத்தோரையில் உள்ள வானொலித் தொலைநோக்கியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது, ஊட்டியின் அட்சரேகைக்கு ஈடாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. ஆகவே அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் திருப்பினாலே விண்பொருளை மணிக்கணக்கில் தொடர்ந்து நோக்க முடிகிறது. 1970-இலிருந்து அதன் மின்னணுக் கருவிகளைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். சரிவை யாரும் மாற்றவில்லை, மாற்ற வேண்டிய தேவையும் எழவில்லை. நல்ல பாடநூலிலும் எது கருவி, எது சரிவு என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். உங்கள் அத்தை மகன் தரவுத்தளத்திலிருந்து தகவல் பெற அன்றாடம் எழுதும் எஸ்க்யூஎல் வினவல்கள் 1970-இல் எட்கர் காட் எழுதிய கட்டுரையின் மேல் நிற்கின்றன. குறுகிய வழியைக் கண்டுபிடிக்க டைக்ஸ்ட்ரா வெளியிட்ட முறைக்கு 1959-இன் வயது. அத்தை மகனிடம் இதைச் சொல்லும்போது சண்டை வேண்டாம்.

கேள்வி: என் அண்ணன் 1990களில் கோவையில் கணினி படித்தவர். அவருடைய புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய எங்கள் வீட்டில் கிடக்கின்றன. டிபேஸ், வேர்ட்ஸ்டார், டாஸ், கோபால், சி, கம்பைலர், இயக்க முறைமை என்று பலவகை. பழைய பேப்பர் கடையில் போடலாமா, பள்ளி நூலகத்துக்குக் கொடுக்கலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், குன்னூர்

பதில்: டிபேஸ், வேர்ட்ஸ்டார், டாஸ் கையேடுகளைத் தயங்காமல் கடையில் போடலாம். எந்த விசையை அழுத்தினால் எது நடக்கும் என்று சொல்லும் நூலுக்கு அந்த விசைப்பலகையோடு ஆயுள் முடிந்துவிடுகிறது. பள்ளிக்கு அவற்றைக் கொடுத்தால் அலமாரிதான் நிறையும். கோபால் (COBOL) என்ற நிரல்மொழி இன்னமும் உலகின் பல வங்கிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அதைக் கற்க அந்தக் காலத்துத் தேர்வுக் கையேடு உதவாது.

சி மொழி நூல், கெர்னிகனும் ரிச்சியும் எழுதியதா என்று அட்டையைப் பாருங்கள். 1978-இல் வந்தது முதற்பதிப்பு, 1988-இல் வந்தது இரண்டாம் பதிப்பு. 300 பக்கங்களைக்கூடத் தொடாத மெலிந்த நூல் அது. இரண்டாம் பதிப்பாக இருந்தால் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் காலத்தின் கறை உண்டு. திரையில் வணக்கம் சொல்லும் அதன் முதல் நிரலை அப்படியே தட்டச்சு செய்தால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் இன்றைய கம்பைலர் எச்சரிக்கும், சில கம்பைலர்கள் ஏற்கவே மறுக்கும். ஏனெனில் ‘மெயின்’ என்பதற்கு முன்னால் ‘இன்ட்’ என்று எழுதாமல் விடும் வழக்கத்தை 1999-ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் நீக்கிவிட்டது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் சரியாகிவிடும். ஒரு வரியை வீணாக்காமல் எழுதுவது எப்படி, பெரிய வேலையைச் சிறுசிறு செயற்கூறுகளாகப் பிரிப்பது எப்படி என்று அந்நூல் காட்டும் பாங்குக்கு மாற்று நூல் என் கண்ணில் படவில்லை. நம் கல்லூரிகளில் நெடுங்காலம் நீலத்திரை டர்போ சி கம்பைலரோடு சேர்த்துப் படித்த தடித்த வழிகாட்டிகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

கம்பைலர் நூலின் அட்டையில் டிராகன் படம் இருந்தால் அது ஆல்ஃபிரட் ஆகோவும் ஜெஃப்ரி உல்மனும் எழுதிய நூலாக இருக்கும். 1986-ஆம் ஆண்டுப் பதிப்பில் ரவி சேத்தியும் சேர்ந்திருப்பார். முதலிருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2020-ஆம் ஆண்டுக்கு கிடைத்ததற்கு அவர்களுடைய பாடநூல்களும் ஒரு காரணம். சொற்களைப் பிரித்தறிவது, இலக்கணப்படி வாக்கியத்தைப் பகுப்பது ஆகிய அத்தியாயங்கள் இன்றும் வகுப்பில் நடத்தத் தக்கவை. இயந்திரக் குறியை மேம்படுத்தும் பகுதிகளுக்குப் புதிய பதிப்பே மேல்.

இயக்க முறைமை நூலை எழுதியவர் ஆண்ட்ரூ டானன்பாம் என்றால் அதற்கு ஒரு சுவையான பின்கதை உண்டு. 1987-இல் அவர் தம் நூலோடு மினிக்ஸ் என்ற சிறு இயக்க முறைமையையும் எழுதி, அதன் மூல நிரலைப் புத்தகத்திலேயே அச்சிட்டார். ஃபின்லாந்தில் அந்நூலைப் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-இல் லினக்ஸ் என்ற இயக்க முறைமையை வெளியிட்டார். 1992-இன் தொடக்கத்தில் டானன்பாமே, லினக்ஸ் வடிவமைப்பு வழக்கொழிந்தது என்று பகிரங்கமாக எழுதினார். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எல்லாம் லினக்ஸ் கருவின் மேல்தான் ஓடுகின்றன. ஆசிரியரின் ஆரூடம் பலிக்கவில்லை; மாணவரை உருவாக்கிய பாடம் பலித்தது. ஆகையால் ஒரு நூலில் ‘வருங்காலத்தில் இப்படி ஆகும்’ என்ற பகுதி பொய்த்திருப்பதைக் கண்டு முழு நூலையும் தள்ளிவிட வேண்டியதில்லை. கொடுப்பதென்றால் பள்ளியைவிடக் கல்லூரி நூலகம் பொருத்தம்.

கேள்வி: நான் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். இந்தப் பெரிய நூல்களெல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களுக்காக எழுதப்பட்டவை என்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அவை எட்டுமா?
– மாணவர், கூடலூர்

பதில்: எட்டும் என்று மட்டும் சொன்னால் ஆறுதல் மொழியாகிவிடும். அவற்றுள் ஒன்றின் சாரத்தை நீங்கள் ஏற்கெனவே படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறீர்கள் என்பதே என் பதில்.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், பைத்தானுக்குள் நுழையுமுன், தரவு அருவமாக்கம் பற்றிய பாடம் வந்ததை நினைவுகூருங்கள். ஒரு விகிதமுறு எண்ணை உருவாக்குவதற்கு ஒரு செயற்கூறு. அதன் தொகுதியையும் பகுதியையும் எடுத்துத் தருவதற்கு இரண்டு செயற்கூறுகள். அவை உள்ளே எப்படி எழுதப்பட்டுள்ளன என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு அவை இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே செல்வோம் என்ற உத்தி. நம் மாணவர்களில் பலர் அதை இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோனார்கள். அந்த எடுத்துக்காட்டும் அந்த உத்தியும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதலாமாண்டு மாணவர்களுக்காக ஹரால்டு ஏபெல்சனும் ஜெரால்டு சஸ்மனும், ஜூலி சஸ்மனின் துணையோடு, 1985-இல் எழுதிய ‘ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரட்டேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்’ என்ற நூலில் உள்ளவை.

அந்நூலில் இந்த எடுத்துக்காட்டு எவ்வாறு நகர்கிறது என்பதைக் கவனியுங்கள். எண்களை உருவாக்கியாயிற்று, கூட்டும் செயற்கூறும் எழுதியாயிற்று. மூன்றில் ஒன்றோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் 6/9 என்று வருகிறது. விடை தவறில்லை, சுருக்கப்படவில்லை, அவ்வளவுதான். கூட்டலைத் திருத்துவதா, பெருக்கலைத் திருத்துவதா, கழித்தலையுமா? எதையும் தொட வேண்டாம். எண்ணை உருவாக்கும் அந்த ஒரே செயற்கூற்றில் மீப்பெரு பொது வகுஎண்ணால் வகுத்துவிட்டால், எல்லா விடைகளும் தாமாகவே சுருங்கிவிடுகின்றன. 6/9 இனி 2/3. ஒரு மாற்றத்தை ஒரே இடத்தில் செய்து முடிக்கும்படி நிரலை அமைப்பது எப்படி என்ற பாடம் இந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. நிறுவனங்கள் லட்சக்கணக்கான வரிகளில் எழுதும் மென்பொருளிலும் தலைவலி தருவது இதே கேள்விதான்.

அந்நூல் ஸ்கீம் என்ற மொழியில் எழுதப்பட்டது. அம்மொழி வேலைக்கு உதவாது என்று சொல்பவர்கள் இருப்பார்கள். உண்மையில் அதன் இலக்கணத்தை ஓரிரு நாளில் கற்றுவிடலாம் என்பதே அதன் சிறப்பு. 2022-இல் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமும் வந்துவிட்டது. 1996-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பை இணையத்தில் கட்டணமின்றி, சட்டப்படியே படிக்கலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன்: முதலில் உங்கள் பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், ஆடு, புல்லுக்கட்டு, ஓநாயோடு ஆற்றைக் கடக்க நிற்கும் உழவரின் புதிர் வருகிறதே, அதைச் சுற்றியுள்ள பாடங்களைத் தேர்வு பயமின்றி மறுபடி படியுங்கள். தொடர்ந்து அதே கருத்தை ஆங்கில நூலில் படித்தால் வாக்கியம் பிடிபடாவிட்டாலும் பொருள் பிடிபடும். நம் மாநிலப் பாடநூலின் இப்பகுதிகள் போதிய மதிப்பைப் பெறவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. மென்பொருள் கருவிகளைத் தமிழில் கற்க, கணியம் அறக்கட்டளை வெளியிடும் ‘எளிய தமிழில்’ வரிசை மின்னூல்கள் இருக்கின்றன. ஆனால் அவை கருவிக்கானவை என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் கணினிப் பிரிவு கிடைத்திருக்கிறது. நூத் எழுதிய நூல் தொகுதிகளைப் பரிசாக வாங்கிக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். சரியா?
– ஒரு தந்தை, உதகமண்டலம்

பதில்: வேண்டாம். அலமாரிக்கு அழகாக இருக்கும். முதலாமாண்டு மாணவிக்கு மலைப்பாக இருக்கும். ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ நூலை நூத் 1962-இல் ஒரே புத்தகமாகத் தொடங்கினார். 1968-இல் முதல் தொகுதி, 69-இல் இரண்டாவது, 73-இல் மூன்றாவது என்று வந்து, நான்காவதன் இரண்டாம் பகுதி 2022-இல்தான் வெளிவந்தது. திட்டமிட்ட 12 அத்தியாயங்களில் ஏழாவது இன்னும் முடியவில்லை. அதில் வரும் நிரல்கள் மிக்ஸ் என்ற கற்பனைக் கணினிக்காக எழுதப்பட்டவை. உண்மையான எந்தக் கணினிக்கு எழுதியிருந்தாலும் அது மறைந்ததும் நூலும் மங்கிவிடும் என்பதை முன்னரே உணர்ந்த ஏற்பாடு அது.

அந்நூலின் பயிற்சிக் கணக்குகளுக்கு 0 முதல் 50 வரை கடினத்துக்கேற்ற மதிப்பு உண்டு. 10 என்றால் சட்டென்று போடலாம். 50 என்றால் இதுவரை யாரும் விடை காணாதது. ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்தை விளையாட்டாக 50 என்று குறித்துப் பயிற்சியில் சேர்த்திருந்தார். ஆண்ட்ரூ வைல்ஸ் அதை நிறுவிய பிறகு வந்த பதிப்பில் மதிப்பு 45 ஆகக் குறைந்தது! பிழை சுட்டுபவர்களுக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசு என்ற வழக்கமும் அவருடையதே. இவ்வாறு வாசகர்களின் கண்பட்டுத் திருந்திக்கொண்டே வந்ததும் அந்நூல் நிலைத்ததற்கு ஒரு காரணம்.

தங்கள் மகளுக்கு கெர்னிகன்–ரிச்சி நூலும், நிறைய வெற்றுத் தாள்களும் போதும். மூன்றாம் பருவத்தில் கோர்மனும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய ‘இன்ட்ரொடக்ஷன் டு அல்காரிதம்ஸ்’ தேவைப்படும். 1990-இல் வந்து, 2022-இல் நான்காம் பதிப்பைக் கண்ட பெருநூல். அதன் இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் கையால் எழுதி முடித்தாலே பருவத் தேர்வு பயம் போய்விடும். நூத்தின் தொகுதிகளைக் கேட்டுத் தங்கள் மகளே ஒருநாள் வருவார். அப்போது வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தந்துவிடுகிறது. இனி இந்த நூல்களால் என்ன பயன்?
– தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர், பந்தலூர்

பதில்: உங்கள் தொழிலிலிருந்தே எடுத்துக்கொள்வோம். பசுந்தேயிலை கொள்முதல் பதிவுகளில் ஒரே பதிவு இருமுறை ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிரல் கேட்கிறீர்கள். ஒவ்வொரு பதிவையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் நிரலை அது தந்தால், 1,000 பதிவுகளுக்கு ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பீடுகள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ‘நன்றாக ஓடுகிறது’ என்று நீங்களும் ஏற்றுக்கொள்வீர்கள். ஆண்டு முடிவில் 1 லட்சம் பதிவுகள் சேர்ந்தால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள் ஆகும். முதலில் வரிசைப்படுத்திவிட்டு அடுத்தடுத்து உள்ளவற்றை மட்டும் ஒப்பிட்டால் 20 லட்சத்துக்குள் முடித்துவிடலாம். இரண்டு நிரல்களும் ஒரே விடையைத்தான் தரும். பதிவுகள் நூறு மடங்கு பெருகினால் வேலை பத்தாயிரம் மடங்கு பெருகும் என்பதை ஓடவிடாமலே பார்த்துச் சொல்வதற்குத்தான் அந்தப் படிப்பு. எழுதித் தருவது யாராக இருந்தாலும், சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் கணக்கர்தானே?

கேள்வி: மழைக்காலத்தில் புத்தகங்களில் பூஞ்சணம் பூத்துவிடுகிறது. பழைய கணினி நூல்கள் மறுபதிப்பாகக் கிடைப்பதும் அரிது. காப்பாற்ற வழியுண்டா?
– வாசகி, மஞ்சூர்

பதில்: அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல், காற்று போகச் சிறிது இடைவெளி விடுங்கள், புத்தகங்களையும் நெருக்கி அடுக்காதீர்கள். மூடிய பெட்டியாக இருந்தால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். அந்துருண்டையும் வேப்பிலையும் பூச்சிக்கு ஆகும், பூஞ்சணத்துக்கு ஆகா. பூத்துவிட்ட புத்தகத்தை நிழலில் விரித்து நன்றாக உலரவிட்டு, முகக்கவசம் அணிந்து வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் துடைக்கலாம். கடும் வெயிலில் காயவைத்தால் தாள் மஞ்சளித்து நொறுங்கும். பசை மட்டும் போட்டு ஒட்டிய மலிவுப் பதிப்புகள் ஈரத்தில் முதலில் முதுகு விடும் என்பதால், தாள்கள் உதிருமுன்பே பைண்டரிடம் கொடுத்து நூல் தையல் போட்டுவிடுவது நல்லது.